ஒரு மணி நேரம் என்னும் அனுமானம்: வன்தட்டு அணிகளும் வீட்டுச் சர்வர்களும்

1988 ஜூனில் சிகாகோ நகரில் கூடிய தரவுத்தள ஆய்வாளர் மாநாட்டில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரின் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. விலை மலிந்த சிறு வன்தட்டுகள் பலவற்றைப் பிணைத்து, விலையுயர்ந்த பெருந்தட்டு ஒன்றின் இடத்தில் அமர்த்தலாம் என்பது அதன் வாதம். அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘ரெய்டு’. (நாளிதழ் வாசிக்கும் எவருக்கும் அச்சொல் வருமான வரித்துறையையே நினைவூட்டும். வீட்டில் உள்ளவர் முகம் வெளிறுவது இரண்டுக்கும் பொது.)

அக்கட்டுரையில் நம்பகத்தன்மையைக் கணக்கிடும் பகுதியில், வாசகர் எளிதில் கடந்துபோகும் ஓர் எண் இருக்கிறது. பழுதான தட்டு ஒன்றை மாற்றி, அதில் இருந்தவற்றை மீண்டும் எழுதி முடிக்க ஆகும் சராசரி நேரம் 1 மணி என்று ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டனர். இன்று ஓர் ஆய்வாளரின் வீட்டு அலமாரியில் ஓடிக்கொண்டிருக்கும் சிறு சர்வர் ஒருநாள் திடீரென்று வாய்மூடிப் போவது ஏன், அதிலிருந்து தரவை மீட்பது சில வேளை எளிதாகவும் சில வேளை இயலாததாகவும் முடிவது ஏன் என்ற கேள்விகளுக்கு விடை தேடிப் போனால், பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்திலேயே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

வன்தட்டின் கதை 1956-இல் தொடங்குகிறது. ஐபிஎம் நிறுவனம் அவ்வாண்டு அறிமுகப்படுத்திய ‘ராமாக்’ கணினியின் சேமிப்புக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. மொத்தக் கொள்ளளவு ஐம்பது இலட்சம் எழுத்துகள். இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே அது ஏறக்குறையச் சரியாகிவிடும். அதற்கும் முன்பே, தகவல் வழியில் சிதைந்தால் அதை எப்படி மீட்பது என்ற கேள்வி வேறோர் இடத்தில் எழுந்திருந்தது. பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் வார இறுதிகளில் தம் கணக்குகளை ரிலே கணினியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். இயந்திரம் பிழையொன்றைக் கண்டதும் அந்த வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழை இருக்கிறது என்று கண்டுகொள்ளும் இயந்திரத்தால் அது எங்கே இருக்கிறது என்று கண்டு திருத்தவும் ஏன் இயலாது என்ற எரிச்சலிலிருந்து பிறந்ததே 1950-இல் அவர் வெளியிட்ட பிழைதிருத்தக் குறிமுறை. இயந்திரத்தின் அருகே ஆள் இல்லாத வேளையில் நேரும் பிழை பற்றிய கவலையாகவே அது தொடங்கியது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம், பின்னால் பயன்படும்.

அடுத்த படி 1978. ஐபிஎம்மின் நார்மன் கென் ஔச்சிக்கு அவ்வாண்டு அளிக்கப்பட்ட காப்புரிமை, செயலிழந்த நினைவகம் ஒன்றில் இருந்தவற்றை எஞ்சிய நினைவகங்களைக் கொண்டு மீட்கும் முறையைப் பற்றியது. இதன் உள்ளே இருக்கும் கணிதம் பள்ளி மாணவருக்கும் எட்டக்கூடியது. மூன்று தட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்ற எண்கள் இருப்பதாகக் கொள்வோம். நான்காம் தட்டில் அதே இடத்தில், 1-களின் மொத்த எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்கும்படி ஓர் எண் எழுதப்படுகிறது. இங்கே ஏற்கெனவே இரண்டு 1-கள் இருப்பதால் அது 0. இந்த நான்காம் எண்ணுக்குப் பெயர் பாரிட்டி. இப்போது இரண்டாம் தட்டு போய்விட்டது என்றால், எஞ்சியவை 1, 1, 0. இரட்டைப்படை ஏற்கெனவே அமைந்திருப்பதால் காணாமற்போனது 0 என்று தெரிந்துவிடுகிறது. கோடிக்கணக்கான இடங்களில் இதே கூட்டலைச் செய்தால் ஒரு தட்டு முழுவதும் திரும்பக் கிடைக்கும். இரண்டு தட்டுகள் ஒரே வேளையில் போனால் எதுவும் கிடைக்காது. இந்த முறையின் சிக்கனமும் அதுதான், வரம்பும் அதுதான்: முழுப் பிரதி எதையும் அது வைத்துக்கொள்வதில்லை, ஒரே ஒரு இழப்பைச் சரிக்கட்டும் அளவுக்கான கணக்கை மட்டுமே வைத்துக்கொள்கிறது.

பெர்க்லி மூவரின் கட்டுரை இதை முதன்முதலில் கண்டுபிடித்தது அன்று. சிதறிக் கிடந்த நடைமுறைகளை ஐந்து வகைகளாகப் பிரித்துப் பெயரிட்டு, எண்களை முன்வைத்து வாதிட்டது அதன் சாதனை. ஒப்பீட்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டவை, 7,500 மெகாபைட் கொள்ளும் ஐபிஎம் 3380 என்ற பெருந்தட்டும், 100 மெகாபைட் கொள்ளும் கானர் நிறுவனத்தின் மூன்றரை அங்குலத் தட்டும். சிறு தட்டுகள் 75 சேர்ந்தால் பெருந்தட்டின் கொள்ளளவு வந்துவிடும், வேகம் பன்மடங்கு, மின்செலவும் விலையும் குறைவு. ஒரே இடையூறு, தட்டுகள் பெருகப் பெருகப் பழுதும் பெருகும் என்பதே. ஒரு சிறு தட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், நூறு தட்டுகளில் ஏதேனும் ஒன்று 300 மணி நேரத்தில், அதாவது இரண்டு வாரத்துக்குள், பழுதாகிவிடும். இதற்கு மருந்தாகவே பாரிட்டி வருகிறது. பத்துத் தட்டுகளுக்கு ஒன்று வீதம் காவல் தட்டு வைத்து, பழுதானதை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டால், தரவு அழிவதற்கான சராசரி இடைவெளி தொண்ணூறு ஆண்டுகளைத் தாண்டுகிறது என்று கட்டுரை காட்டியது. இரண்டு வாரத்திலிருந்து தொண்ணூறு ஆண்டு! இந்தத் தாவல் முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான். அந்த எண் சமன்பாட்டில் வகுக்கும் இடத்தில் இருப்பதால், ஒரு மணி நூறு மணியானால் தொண்ணூறு ஆண்டு ஓராண்டுக்கும் கீழே இறங்கிவிடும்.

அன்றைய சூழலில் அந்த அனுமானம் பொறுப்பற்றது என்று சொல்ல முடியாது. கானர் தட்டு நொடிக்கு 1 மெகாபைட் படிக்கும். 100 மெகாபைட்டையும் படித்து முடிக்க 100 நொடிகள் போதும். கட்டுரை கண்ணெதிரே கொண்டிருந்த உலகம், குளிரூட்டப்பட்ட இயந்திர அறை, முறைவேலையில் இருக்கும் பொறியாளர், கைக்கெட்டும் தூரத்தில் மாற்றுத் தட்டு ஆகியவற்றைக் கொண்டது. 1989-இல் பெர்க்லியில் கட்டப்பட்ட முதல் முன்மாதிரியும் 28 தட்டுகளைக் கொண்டு ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், அதைக் கட்டியவர்களின் கண்முன்னாலேயே இயங்கிற்று. பெயரில் இருந்த ‘மலிவான’ என்ற சொல்லை, விற்பனைக்கு உதவாது என்று கருதிய தொழில்துறை, பின்னாளில் ‘தற்சார்புள்ள’ என்று பொருள்படும் சொல்லால் மாற்றிக்கொண்டது. முதலெழுத்து ஒன்றேயாதலால் சுருக்கப்பெயர் தப்பியது. பெயர் மாறியதைப் பலர் கவனித்தனர். அந்தப் பெயருடன் கூடவே வந்த அறை, ஆள், மாற்றுத் தட்டு ஆகிய மூன்றும் ஒவ்வொன்றாகக் கழன்று போனதை அவ்வளவு பேர் கவனித்ததாகத் தெரியவில்லை.

கழன்றது எப்படி? 2001-இல் ஆஸ்திரேலியாவின் நீல் பிரவுன், லினக்ஸ் கணினியில் தட்டு அணிகளை உருவாக்கவும் மேலாளவும் ‘எம்டிஅட்ம்’ என்ற கருவியை எழுதி வெளியிட்டார். தனி அட்டை தேவையில்லை. பழைய கணினி ஒன்றும் நான்கு தட்டுகளும் போதும். 2005-இல் ‘ஃப்ரீநாஸ்’ வந்தது. அதே ஆண்டில் சன் நிறுவனம் ‘இசட்எஃப்எஸ்’ கோப்பு முறைமையின் மூலநிரலைத் திறந்துவிட்டது. சினாலஜி, க்யூநாப் முதலிய நிறுவனங்கள் ரொட்டிப் பெட்டி அளவிலான சேமிப்புப் பெட்டிகளை வீடுகளுக்கு விற்கத் தொடங்கின. அவற்றின் உள்ளேயும் பெரும்பாலும் இயங்குவது அதே லினக்ஸ் அணிதான். 2007-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வீட்டுச் சர்வருக்கென்றே ஓர் இயங்குதளத்தை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட தட்டுகள் உள்ள கணினிகளில் அது கோப்புகளைச் சிதைக்கிறது என்று அவ்வாண்டின் இறுதியிலேயே நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது; திருத்தம் 2008-இன் நடுவில்தான் வந்தது. வீட்டுச் சர்வரின் பிள்ளைப்பருவம் அத்துணை நலமாக இல்லை.

மனிதவியல், வரலாறு, மொழியியல் ஆகிய துறைகளில் உழைப்பவர்களுக்கு இந்தப் பெட்டி ஏன் தேவைப்பட்டது என்பதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஆவணக் காப்பகத்தில் பக்கம் பக்கமாக எடுத்த படங்கள், நாட்டார் வழக்காற்றின் ஒலிப்பதிவுகள், இன்று உயிரோடு இல்லாத ஒரு பாட்டியின் ஒப்பாரி, நான்கு ஆண்டுக் களப்பணிக் குறிப்புகள் யாவும் சேர்ந்து சில டெராபைட் அளவுக்கு வந்துவிடுகின்றன. பல்கலைக்கழகக் கணக்கில் அத்தனை இடம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஆய்வுக்காலம் முடிந்ததும் கணக்கு மூடப்படும். ஆகவே தட்டுகள் வாங்கப்படுகின்றன. கடைக்காரரோ நண்பரோ ‘ரெய்டு 5’ போட்டுக்கொள்ளச் சொல்கிறார். ஒன்று போனாலும் ஒன்றும் ஆகாது என்ற உறுதிமொழியோடு பெட்டி அலமாரிக்குள் போகிறது, இயன்றால் ஒரு யூபிஎஸ் துணையுடன்.

இனி அந்த ஒரு மணி நேரத்தைப் பார்க்கலாம். 1988-இன் தட்டோடு ஒப்பிட, இன்று கடையில் கிடைக்கும் 16 டெராபைட் தட்டின் கொள்ளளவு 1,60,000 மடங்கு. வேகமோ நொடிக்கு 200 மெகாபைட் அளவில், ஏறக்குறைய 200 மடங்குதான். அதை ஒருமுறை முழுவதும் எழுதி முடிக்க, வேறெந்த வேலையும் குறுக்கிடாத நிலையிலும், 22 மணி நேரத்துக்குக் குறையாது. நூறு நொடி 22 மணியானது இயற்பியலால் நேர்ந்தது. மற்றொரு பகுதி மனித வாழ்வால் நேர்ந்தது. வீட்டில் உபரித் தட்டு வைத்திருப்பவர் அரிது. பழுது தெரிந்த பிறகே தட்டு தேடப்படுகிறது, பணம் திரட்டப்படுகிறது, அஞ்சல் வந்துசேர்கிறது. 2011-இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து தட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகெங்கும் தட்டுகளின் விலை ஏறிற்று. அந்த மாதங்களில் ஒற்றைத் தட்டு பழுதான அணியை ‘விலை இறங்கட்டும்’ என்று அப்படியே ஓட்டியவர்களின் சமன்பாட்டில் ஒரு மணி நேரம் எத்தனை மணியாயிற்று என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மூலக் கட்டுரையின் இன்னோர் அனுமானம், தட்டுகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிப் பழுதாகும் என்பது. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே தொகுதியிலிருந்து வாங்கி, ஒரே பெட்டியின் வெப்பத்தில், ஒரே மின்வெட்டைத் தாங்கி ஓடும் நான்கு தட்டுகளுக்கு இது பொருந்துமா? 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் 75ஜிஎக்ஸ்பி வரிசைத் தட்டுகள் கொத்துக் கொத்தாகப் பழுதாகி, வழக்குமன்றம் வரை போன நிகழ்வு பலருக்கு நினைவிருக்கும். இதற்குப் புள்ளிவிவரச் சான்று தந்தவர்களில் ஒருவர் யார் என்பதில்தான் வரலாற்றின் சுவை இருக்கிறது. 2007-இல் பியாங்கா ஷ்ரோடருடன் சேர்ந்து சுமார் ஒரு இலட்சம் தட்டுகளின் பழுதுப் பதிவுகளை ஆராய்ந்தவர் அதே கார்த் கிப்சன். உற்பத்தியாளர் அட்டவணைப்படி ஆண்டுக்கு 0.88 விழுக்காட்டுக்கு மேல் பழுதாகக் கூடாது. உண்மையில் 2 முதல் 4 விழுக்காடு இயல்பாகவும், சில இடங்களில் 13 விழுக்காடு வரையும் மாற்றப்பட்டிருந்தன. ஒரு பழுது நேர்ந்தால் அடுத்ததும் அண்மையிலேயே நேரும் போக்கு காணப்பட்டது. அவர்கள் ஆய்ந்த கணினித் தொகுதி ஒன்றில், ஒரே மணி நேரத்துக்குள் இரு தட்டுகள் பழுதாகும் வாய்ப்பு பழைய கணிப்பைப் போல நான்கு மடங்கு. தாம் இளமையில் கையாண்ட அனுமானத்தைத் தாமே அளந்து பார்த்து, பிழையென்றால் பிழையென்று அச்சிடும் நேர்மை எல்லாத் துறைகளிலும் காணக்கிடைப்பதன்று.

அதே 2007-இல் வெளியான வேறோர் ஆய்வு 15.3 இலட்சம் தட்டுகளை 32 மாதங்கள் கண்காணித்தது. அவற்றுள் 3.45 விழுக்காட்டில் ஒளிந்திருக்கும் பழுதுகள் தென்பட்டன. தட்டு நலமாகவே சுழலும். ஒரு மூலையில் சில செக்டர்கள் மட்டும் படிக்க இயலாமற் போயிருக்கும். யாரும் அந்த மூலையைப் படிக்காதவரை எவருக்கும் தெரியாது. பழைய களப்பதிவுகள் அப்படிப்பட்ட மூலைகளில்தான் இருக்கின்றன. வேறொரு தட்டு பழுதாகி, மீள்கட்டமைப்புக்காக எல்லாத் தட்டுகளும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கப்படும் நாளில்தான் அந்தச் செக்டர் தன் நிலையை அறிவிக்கும். இதையொட்டி, நூறு இலட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழை என்ற உற்பத்தியாளரின் வரையறையை, அதாவது 12.5 டெராபைட்டை, அப்படியே எடுத்துக்கொண்டு, 2009-இல் ரெய்டு 5 பயனற்றுப் போகும் என்று 2007-இல் ராபின் ஹாரிஸ் எழுதினார். அக்கணிப்பு மிகையானது. வரையறை என்பது உச்சவரம்பு மட்டுமே. நல்ல நிலையில் உள்ள தட்டுகள் அதைவிடப் பலமடங்கு பிழையின்றிப் படிக்கின்றன. எனினும் மாதம் ஒருமுறை அணி முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வழக்கம் உள்ள இடத்திலேயே இந்த ஆறுதல் செல்லும். டெபியன் லினக்ஸ் அதை மாதத்தின் முதல் ஞாயிறன்று தானே செய்யும்படி அமைத்திருப்பது, ஹாமிங்கின் வார இறுதிகளுக்குக் காலம் தாழ்த்திக் கிடைத்த மறுமொழி போலத் தோன்றுகிறது.

‘பழுது’ என்ற சொல்லையும் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும். மேசைக் கணினிக்கென்று செய்யப்பட்ட தட்டு, படிக்கவியலாத செக்டரைக் கண்டால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும்; ஒரு நிமிடத்துக்கு மேலும் பதிலின்றிக் கிடக்கலாம். லினக்ஸோ இயல்பாக 30 நொடிதான் பொறுக்கும். பிறகு அத்தட்டு இறந்ததாகக் கருதப்பட்டு அணியிலிருந்து நீக்கப்படும். சர்வருக்கென்று செய்யப்படும் தட்டுகள் சில நொடிகளில் தோல்வியை ஒப்புக்கொண்டு பதில் சொல்லிவிடும். அந்தச் செக்டரைப் பாரிட்டியைக் கொண்டு அணியே சரிசெய்துகொள்ளும். ஆக, வீட்டுச் சர்வரில் ‘இறந்த’ தட்டுகளுள் பல, சற்று மெதுவாகப் பதில் சொன்னவை மட்டுமே. 2020 ஏப்ரலில், வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று தான் விற்ற தட்டுகள் சிலவற்றில், தடங்களை ஓட்டுச்சரிவு போல ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து எழுதும் முறையைக் கையாண்டதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்டதும் இதே கிளையைச் சேர்ந்தது. அம்முறையில் இடைவிடாமல் எழுதும்போது வேகம் படுத்துவிடும். மீள்கட்டமைப்பு நாட்கணக்கில் நீளும்.

இவை யாவும் சேர்ந்து வீட்டில் உருவாக்கும் நிகழ்வுமுறை ஏறத்தாழ ஒரே மாதிரியானது. ஐந்து தட்டுகள் கொண்ட அணியில் ஒன்று தை மாதத்தில் விலகுகிறது. கோப்புகள் வழக்கம்போலத் திறக்கின்றன. எச்சரிக்கை மின்னஞ்சல் அமைக்கப்படவில்லை, அல்லது யாரும் பார்க்காத முகவரிக்குப் போகிறது. ஆவணியில் இரண்டாவது தட்டு விலகுகிறது. அன்றுதான் அணி நின்றுபோகிறது. உரிமையாளர் அறிந்த முதல் பழுது உண்மையில் இரண்டாவது. ஏழு மாதம் வெறுமனே ஓடிய சமன்பாடு அது.

இங்கிருந்து தரவு பிழைப்பதும் அழிவதும் அடுத்த சில மணி நேரத்தில் என்ன செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அதைவிட, என்ன செய்யப்படவில்லை என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு தட்டிலும் அணியின் விவரக்குறிப்பு இருக்கிறது: தட்டுகள் எத்தனை, இது எத்தனையாவது, துண்டின் அளவு என்ன, கடைசியாக எந்த எண்ணுள்ள மாற்றம் வரை இத்தட்டு உடனிருந்தது. இந்தக் கடைசி எண்ணே வரலாற்றாசிரியருக்குக் கல்வெட்டின் ஆட்சியாண்டு போல. தையில் விலகிய தட்டில் அது மிகப் பின்தங்கியிருக்கும். ஆவணியில் விலகியதில் சில எண்களே குறைவாக இருக்கும். பழைய தட்டை ஒதுக்கி, அண்மையில் விலகியதையும் நலமாக உள்ள மூன்றையும் வலிந்து இணைத்தால் ஏறக்குறைய முழு அணியும் எழுந்துவிடும். கால வரிசையைக் கவனியாமல் தைத் தட்டைச் சேர்த்தால், ஏழு மாதப் பழைய துண்டுகள் புதியவற்றோடு கலந்து கோப்புகள் உட்சிதைவுறும். வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும் என்பது இதன் கொடுமை.

இதைவிடப் பெரிய அழிவு, பதற்றத்தில் அணியைப் புதிதாக ‘உருவாக்கும்’ கட்டளையை இடுவது. அது பழைய விவரக்குறிப்பின்மேல் புதியதை எழுதிவிடும். தட்டுகளின் வரிசை தவறாக இருந்தால், தவறான வரிசைக்கேற்பப் பாரிட்டியையும் கணக்கிட்டு, நல்ல தரவின்மேல் எழுதத் தொடங்கும். இதில் வரலாறும் ஒரு பொறி வைத்திருக்கிறது. எம்டிஅட்மின் பழைய பதிப்புகள் துண்டின் அளவை 64 கிலோபைட் என்று எடுத்துக்கொண்டன. 2009-க்குப் பிந்தியவை 512 என்று கொண்டன. விவரக்குறிப்பு எழுதப்படும் இடமும், தரவு தொடங்கும் இடமும் பதிப்புக்குப் பதிப்பு மாறின. 2008-இல் அணியை உருவாக்கிய அதே மனிதர், அதே கட்டளையை, அதே தட்டுகளுக்கு, பத்தாண்டு கழித்துப் புதிய பதிப்பில் இட்டால் கிடைப்பது வேறோர் அணி.

ஆகவே மீட்பவர்கள் முதலில் மூலத்தைத் தொடுவதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் முழுப் படியெடுப்பு ஒன்று செய்யப்படுகிறது. 2004 முதல் அன்டோனியோ டயஸ் டயஸ் எழுதிப் பேணிவரும் ‘டிடிரெஸ்க்யூ’ இதற்கென்றே ஆனது. சாதாரணப் படியெடுப்புக் கருவிகள் பழுதான செக்டரில் முட்டி நின்றுவிடும், அல்லது அங்கேயே தலையை மோதிக்கொண்டு தட்டைக் கொன்றுவிடும். இது நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கடினமானவற்றை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்து, பின்னர் சிறுகச் சிறுகத் திரும்பி வருகிறது. இடையில் நிறுத்தலாம், மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம். நோயாளியின் எஞ்சிய மூச்சை எதற்குச் செலவிடுவது என்று கணக்கிடும் மருத்துவரின் நிதானம் அதில் இருக்கிறது. இதற்கு அணியின் மொத்த அளவுக்கு நிகரான வேறு தட்டுகள் வேண்டும். மாணவரின் உதவித்தொகைக்கு இது எளிய செலவன்று; பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதற்குக் காரணம் அறியாமையைவிட வறுமைதான்.

படியெடுத்த பின்னும் எழுத்துகள் மூலத்தில் விழாதபடி, மாற்றங்கள் யாவும் தனிக்கோப்பில் சேரும் ஒரு மேலடுக்கு போடப்படுகிறது. அதன்மேல் எத்தனை தவறு செய்தாலும் மேலடுக்கை எறிந்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். விவரக்குறிப்பு அழிந்துவிட்ட நிலையில் ஐந்து தட்டுகளை 120 வகையாக வரிசைப்படுத்த முடியும். எது சரி என்பதைக் கண்டறியும் வழி, சுவடிப் பதிப்பாளர்களுக்குப் பழகியதே. ஏட்டெண் தேய்ந்துபோன சுவடிக்கட்டில், ஓர் ஏட்டின் இறுதியில் அறுந்த தொடர் எந்த ஏட்டின் தொடக்கத்தில் பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். இங்கும், நாளும் நேரமும் வரிக்கு வரி பதியப்பட்ட பதிவேட்டுக் கோப்பு ஒன்றைத் தேடி, ஒரு தட்டின் துண்டு முடியும் இடத்தில் அறுந்த வரி எத்தட்டில் தொடர்கிறது என்று பார்த்தால் வரிசை விளங்கும். எத்தனை எழுத்துக்கு ஒருமுறை அறுகிறது என்பதிலிருந்து துண்டின் அளவும் விளங்கும்.

தட்டு அடையும் சேதத்துக்கும் தரவு அடையும் சேதத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதற்கு 2003 பிப்ரவரி 1 அன்று சிதறிய கொலம்பியா விண்ணோடம் சான்று. அதில் இருந்த ஒரு தட்டு, வானிலிருந்து விழுந்து, பல மாதம் டெக்சஸின் ஏரிப்படுகையில் கிடந்து, உருகிய உலோகக் கட்டியாகக் கண்டெடுக்கப்பட்டது. மின்னெசோட்டாவில் உள்ள மீட்பு நிறுவனம் ஒன்று அதிலிருந்து ஏறக்குறைய 99 விழுக்காடு தரவை எடுத்துத் தந்தது. செனான் வாயுவின் பாகுத்தன்மை பற்றிய அந்த ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. தட்டு பாதியே நிரம்பியிருந்ததும், பழைய டாஸ் இயங்குதளம் கோப்புகளைச் சிதறவிடாமல் எழுதியிருந்ததும் உதவின. எல்லாவற்றுக்கும் மேலாக, விழுந்த தட்டின்மேல் யாரும் எதையும் எழுதவில்லை. மறுபுறம், 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினியில் ஒரு தட்டும் பழுதாகவில்லை; காப்பு நகல் எடுக்கும் நிரலில் நேர்ந்த பிழை 77 டெராபைட் அளவுள்ள, சுமார் 3.4 கோடி ஆய்வுக் கோப்புகளை அழித்தது. பதினான்கு ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் நான்கு குழுக்களின் தரவை மீட்கவே இயலவில்லை. அழிக்கச் சொன்னால் அதையும் எல்லாத் தட்டிலும் ஒருங்கே, பாரிட்டியோடு, பிழையின்றி நிறைவேற்றுவதே அணியின் இயல்பு. பெர்க்லிக் கட்டுரை தொடர்ந்து இயங்குவதற்கான வழியைத்தான் கூறியது. இயங்குவதையும் காப்பதையும் ஒன்றெனக் கொண்டது பின்வந்தோர் செய்த குழப்பம்.

மீட்பு வெற்றி பெற்ற பிறகும் ஒரு வேலை எஞ்சுகிறது. இதைப் பற்றிக் கையேடுகள் அதிகம் பேசுவதில்லை. அணி படிக்க மட்டும் இயலும் நிலையில் எழுந்து, கோப்பு முறைமை சரிபார்க்கப்பட்டதும், பெற்றோர் தெரியாத பிள்ளைகள் போன்ற கோப்புகள் தனி அடைவு ஒன்றில் சேர்க்கப்படுகின்றன. கோப்பு முறைமையே சிதைந்திருந்தால், கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ‘ஃபோட்டோரெக்’ போன்ற கருவிகள் ஒலிக்கோப்பு, படக்கோப்பு ஆகியவற்றின் தொடக்க அடையாளங்களைக் கொண்டு அவற்றைத் துருவி எடுக்கின்றன. இரண்டு வழியிலும் உள்ளடக்கம் வருகிறது, பெயர் வருவதில்லை. ஊர், நாள், பாடியவர் என்று கவனமாகச் சூட்டப்பட்ட பெயர்களின் இடத்தில் எண்கள் மட்டும் நிற்கின்றன. ஆயிரக்கணக்கான ஒலிக்கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பின்னணியில் கேட்கும் கோயில் மணியையும் பேருந்து ஒலியையும், பேசுபவர் ‘வந்தாக’ என்கிறாரா ‘வந்தாங்க’ என்கிறாரா என்பதையும் கொண்டு, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் குரல் என்று எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. களத்துக்குப் போனவர் ஒருவரால் மட்டுமே அதைச் செய்ய முடியும்.